20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தெரிகிற அந்த மேடு

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) பற்றிப் பேச்சு வந்தால் போதும், எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஒரு ஸ்பெக்ட்ரம் படத்தை யாராவது போட்டுவிடுகிறார்கள். சிடியின் கோடு 22 கிலோஹெர்ட்ஸில் செங்குத்தாக விழுகிறது. எஸ்ஏசிடியின் கோடு 50, 60 என்று மேலே போய்க்கொண்டே இருக்கிறது. "சிடி எவ்வளவு இசையை வெட்டி எறிகிறது பாருங்கள்" என்று கூடவே ஒரு வரி. இந்தப் படத்தை நம்பிப் பெரிய தொகை கொடுத்து ப்ளேயர் வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். 22க்கு மேலே தெரிவதில் பெரும்பகுதி எந்த வாத்தியத்திலிருந்தும் வந்ததல்ல. எஸ்ஏசிடி ஒலியைப் பதியும் முறையே உண்டாக்குகிற இரைச்சல் அது.

சோனியும் பிலிப்ஸும் 1999இல் கொண்டுவந்த எஸ்ஏசிடியில், சிடி மாதிரி 16 பிட் எண்கள் கிடையாது. ஒரே ஒரு பிட்தான், ஆனால் நொடிக்கு 28,22,400 தடவை. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸைப் போல 64 மடங்கு. ஒரு பிட்டை வைத்து அலையை எழுதினால் பிழை பயங்கரமாக இருக்கும். அந்தப் பிழையைக் காதுக்கு எட்டாத மேல் அலைவரிசைகளுக்குத் தள்ளிவிடுவதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தள்ளிய இரைச்சல் காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது.

எவ்வளவு இரைச்சல்? இதற்குக் கருவியே வேண்டாம். ஒவ்வொரு சாம்பிளும், அதாவது ஒவ்வொரு தடவை எழுதும் அந்த ஒரு பிட்டும், +1 அல்லது −1. எனவே சராசரித் திறன் எப்போதும் 1, மாறவே மாறாது. எஸ்ஏசிடியில் 0 டெசிபல் என்று வைத்திருப்பது 0.5 உச்சமுள்ள சைன் அலை. அதன் திறன் 0.125. அதாவது எட்டில் ஒரு பங்குதான் சிக்னல், மிச்சம் ஏழு பங்கு இரைச்சல். இது உரத்து ஒலிக்கும்போது உள்ள கணக்கு. மெல்லிய ஆலாபனை ஓடும்போது கிட்டத்தட்ட எல்லாமே இரைச்சல். இது 1.4 மெகாஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடப்பதால்தான் ப்ளேயரின் அவுட்புட்டில் 50 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு ஃபில்டர் வைக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். 192 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யும் சவுண்ட் கார்டு 96 வரை காட்டும். முதலில் அதன் இன்புட்டை ஷார்ட் செய்துவிட்டு, கார்டின் சொந்த இரைச்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பல கார்டுகளில் 40, 50க்கு மேல் அதுவே ஏறும். இதைப் பார்க்காமல் விட்டால் கார்டின் குற்றத்தை ப்ளேயர் தலையில் கட்டிவிடுவோம். அப்புறம் ப்ளேயரைக் கார்டோடு இணைத்து, சிடி, எஸ்ஏசிடி இரண்டு அடுக்கும் உள்ள ஹைப்ரிட் டிஸ்க் ஒன்றைப் போடுங்கள். முழு நிசப்தத்தில் சில ப்ளேயர்கள் அவுட்புட்டையே மியூட் செய்துவிடும், அதனால் மெதுவாக ஒலிக்கும் இடமாகப் பாருங்கள். சிடி அடுக்கில் 22க்கு மேல் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிடும். எஸ்ஏசிடி அடுக்கில் 20ஐத் தாண்டியதும் ஏறத் தொடங்கி, ஃபில்டர் இழுத்துப் பிடிக்கும் வரை மேடாக நிற்கும்.

இப்போது பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தை ஓட விடுங்கள். கீழே 20 வரை கோடு துள்ளும், விழும், மறுபடி எழும். மேலே அந்த மேடு ஏறக்குறைய அப்படியே நிற்கும். அது இசையாக இருந்தால் தாளத்தோடு அசைய வேண்டாமா?

ப்ளேயரின் விவரத் தாளில், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 110 டெசிபலுக்கு மேல் என்று போட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். ஏஇஎஸ்17 என்ற அளவீட்டு நெறியில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டுத்தான் அளப்பார்கள். காதுக்குக் கேட்கும் எல்லையை மட்டும் அளப்பது நியாயம்தான். ஆனால் அளவை 100 கிலோஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டால் அதே ப்ளேயர் 16 பிட் சிடியிடம் தோற்றுப்போகும். 20க்கு மேல் இசை இருக்கிறது என்று விளம்பரம் செய்துவிட்டு, இரைச்சலை மட்டும் 20க்குள் அளந்து காட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதனால் ட்வீட்டர் (உயர் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். நல்ல ஆம்ப் இதைச் சமாளிக்கும். உள்ளே போகும் அலையை அதே வடிவில் வெளியே தராத ஆம்பிலோ ட்வீட்டரிலோதான் தொல்லை. 30, 33 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஒலியைப் பிறப்பிக்கலாம், அது காதுக்குக் கேட்கும்.

ஹை-ரெஸ் (சிடியைவிட நுணுக்கமான பதிவு) என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டவும் கூடாது. டிவிடி-ஆடியோவின் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம்மில் (சிடி மாதிரியே அலையைப் பல பிட் எண்களாக எழுதும் முறை) இந்த மேடு கிடையாது. சிம்பலும் அடைப்பு வைத்த ட்ரம்பெட்டும் 20க்கு மேல் நிஜமாகவே ஒலி எழுப்பும், அதை இந்த வடிவம் சுத்தமாகப் பதிந்து வைக்கும். நமக்குக் கேட்குமா என்பது வேறு விஷயம். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ ஒலியை நேராகவும் 16 பிட், 44.1 வழியாகச் செலுத்தியும் கேட்கவைத்தார்கள். எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னதில் 554 முயற்சிகளில் 276 சரி. காசு சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். 2016இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இது போன்ற 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் சரி என்று வந்தது, பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எஸ்ஏசிடி நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மேயரும் மோரனும்கூட அந்த டிஸ்க்குகள் பெரும்பாலான சிடிகளைவிட நன்றாக ஒலித்ததாகவே எழுதினார்கள். அந்தப் பெருமை மாஸ்டரிங் செய்தவருக்கு, அதாவது டிஸ்க்குக்காக ஒலியைக் கடைசியாகச் செப்பனிட்டவருக்கு, போக வேண்டும். எஸ்ஏசிடி அவுட்புட்டை 16 பிட்டில் பதிவுசெய்து, இரண்டின் அளவையும் 0.1 டெசிபலுக்குள் சமன்செய்து, எது எது என்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். ப்ளேயர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் 20 வரை அளந்த இரைச்சல், 100 வரை அளந்த இரைச்சல், இரண்டு எண்ணையும் கேளுங்கள். இரண்டாவது எண்ணைத் தராத கம்பெனி, 20க்கு மேலே இசை இருக்கிறது என்று சொல்லி நம்மிடம் கூடுதல் காசு கேட்கக் கூடாது.