நூற்றுக்கு 34

நம் பலகை ஆட்டக் குழுவில் தம்பி ஒருவர் வெளியிட்ட மதிப்பெண் பட்டியலை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் சிரிப்புக் குறியும் போட்டிருக்கிறீர்கள், யார் யார் என்பதை நானும் பார்த்துவிட்டேன். ஆட்டத்துக்கு 50, பெட்டிக்குள் இருக்கும் பொருள்களின் தரத்துக்கு 50 என்று பிரித்து, 1830 என்ற ஆட்டத்துக்கு முன்னதில் 30, பின்னதில் 4, ஆக மொத்தம் 34 வழங்கியிருக்கிறார். நம் ஊர்ப் பள்ளிக்கூடக் கணக்கில் 35 எடுத்தால்தான் தேர்ச்சி. ஒரு மதிப்பெண்ணில் பெயிலாக்க வேண்டும் என்பதற்காகவே போட்ட கணக்கோ என்று எனக்குச் சந்தேகம். போதாதற்கு, என் மேசையின் படத்தைப் போட்டு, "இது கேமா, ரயில்வே டைம்டேபிளா?" என்று கீழே ஒரு வரி வேறு.

கோபத்தில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருந்துதான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மூன்று நான்கு மணி நேரம் மூளையைக் கசக்கிப் பிழியும் கனமான வியூக ஆட்டத்துக்கு மதிப்புப் போடும்போது, ஆட்டத்தையும் அட்டையின் தடிமனையும் சரிபாதியாக நிறுப்பது தவறு. விதிகள் நன்றாக இருந்தால் பழைய நோட்டுத் தாளில் கோடு போட்டும் ஆடிவிடலாம். விதிகள் மோசமாக இருந்தால், காய்களைத் தங்கத்தில் வார்த்துக் கொடுத்தாலும் அந்தப் பெட்டியை இரண்டாம் முறை யாரும் திறக்க மாட்டார்கள்.

1830 என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரான்சிஸ் டிரெஷம் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து, 1986இல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் அது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வரைபடம், அதன்மேல் தண்டவாளம் அச்சிட்ட அறுகோண அட்டைகள், எட்டு ரயில் கம்பெனிகள், அவற்றின் பங்குப் பத்திரங்கள், வங்கியில் 12,000 டாலர், இவ்வளவுதான் சாமான்கள். பகடை கிடையாது, அதிர்ஷ்டம் நுழைய ஒரு சந்துகூடக் கிடையாது. ரயில் கம்பெனி நடத்தும் ஆட்டம் என்றுதான் முதலில் தோன்றும், ஆனால் ஒரு மணி நேரத்தில் இது பங்குச் சந்தை என்பது உறைக்கும். கம்பெனி செழிக்க வேண்டிய கட்டாயமில்லை, நம் கைப்பணமும் பங்குகளும் செழித்தால் போதும். தலைவராக இருப்பவர் கம்பெனியின் கஜானாவை வழித்தெடுத்துவிட்டு, தன் பங்குகளைச் சந்தையில் தள்ளி, மொட்டையாக நிற்கும் கம்பெனியை அடுத்த பெரிய பங்குதாரரின் தலையில் கட்டிவிடலாம். ரயில்களும் நிலைப்பதில்லை. ரயில் வகைகளுக்கு எண்தான் பெயர், சின்ன எண் விற்றுத் தீர்ந்ததும் அடுத்த எண் விற்பனைக்கு வரும்: முதல் '4' ரயிலை யாராவது வாங்கியதும் '2' ரயில்கள் எல்லாம் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போய்விடும், முதல் '6' வந்ததும் '3'கள் போகும், டீசல் வந்ததும் '4'களும் போகும். ஓட்டுவதற்கு ரயில் இல்லாத கம்பெனிக்கு, கஜானாவில் பணமில்லையென்றால், தலைவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து ரயில் வாங்கித் தர வேண்டும். கையில் இல்லையென்றால் பங்குகளை விற்க வேண்டும். அதுவும் போதவில்லையென்றால் திவால், ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்த நேரத்தில் மேசையைச் சுற்றி இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் படபடப்பு எத்தனை மில்லிமீட்டர் அட்டையில் இருக்கிறது என்று யாராவது எனக்கு அளந்து காட்டுங்கள்.

தம்பி இதில் எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது மணி நேரத்தில், '3' ரயில்கள் விற்றுக்கொண்டிருந்தபோதே, பக்கத்து மேசையில் இடம் காலியானது என்று எழுந்து போய்விட்டார். இலை போட்டு உப்பும் ஊறுகாயும் வைத்ததுமே எழுந்து போனவர், முழு விருந்துக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார். அதிலும் பாதி மதிப்பெண் இலையின் கிழிசலுக்கு.

என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் 'டிரேட்' என்ற ஆட்டம் ஒன்று இருந்தது. பம்பாயையும் கல்கத்தாவையும் வாங்கி விற்காத என் வயதுக்காரர் குறைவாகத்தான் இருப்பார்கள். முதல் கோடை விடுமுறையிலேயே அதன் காகிதப் பணத்தில் பாதி காணாமல் போனது. அப்பா புதிதாக வாங்கித் தரவில்லை. நாள்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருந்தவர், அவற்றின் பின்பக்கத்தில் நீல மையால் 100, 500 என்று எழுதி, ரிசர்வ் வங்கி ஆளுநரைப் போலக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பத்து நாள் கழித்து அக்கா திடீரென்று பணக்காரியானாள். சென்னையை வாங்கினாள், டெல்லியை வாங்கினாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் அவளுடைய நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். அப்பா நோட்டு அடித்தது மே மாதத்தில். அக்காவின் கையில் இருந்தவற்றின் முன்பக்கத்தில் ஜூன் 3, ஜூன் 4 என்று இருந்தது. கள்ள நோட்டு என்று நான் கத்தியதற்கு, "எந்த மாதத் தாள் செல்லும்னு ரூல்ஸ்ல எங்கடா இருக்கு?" என்று கேட்டாள். அந்த நோட்டுகளுக்குத் தம்பியின் பட்டியலில் அரை மதிப்பெண்கூடக் கிடைக்காது, ஆனாலும் பள்ளி திறக்கும் வரை நாங்கள் வேறு ஆட்டம் ஆடவில்லை. பகடையை உருட்டி நடக்கும் அந்த ஆட்டமும் அப்படியொன்றும் உயர்ந்த ஆட்டமில்லை என்பது இப்போது தெரிகிறது. அது வேறு விஷயம்.

இனி வரப்போகும் பதில்களை எனக்கு இப்போதே பார்க்க முடிகிறது. விலை உயர்ந்த பெட்டியை வாங்க முடியாதவனின் 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்பார்கள். என் அலமாரியில் உலோக நாணயங்களும் இருக்கின்றன, ஆடு மாடு வடிவில் செதுக்கிய மரக்காய்களும் இருக்கின்றன, அவற்றைத் தொட்டுப் பார்க்க எனக்கும் பிடிக்கும். அழகு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 50 மதிப்பெண் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எனக்கு ஆதரவாக ஆடுபுலி ஆட்டத்தை யாராவது இழுத்துக்கொண்டு வருவதற்கு முன்பும் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து வேண்டாம்: கோயில் மண்டபக் கருங்கல்லில் செதுக்கிய பலகையைவிடத் தரமான பலகை இன்றுவரை எந்தப் பெட்டியிலும் வந்ததில்லை.

'டெராஃபார்மிங் மார்ஸ்' என்ற ஆட்டம் 2016இல் வந்தபோது, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் கொடுத்த பலகை மெல்லிய வழுவழு அட்டை. உற்பத்தியைக் காட்டும் குட்டிக் கனசதுரங்கள் ஒரு முழங்கை பட்டால் இடம் மாறிவிடும், மாறினால் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று எவருக்கும் நினைவிருக்காது. இந்தக் குறை ஆட்டத்தையே பாதிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 2017இல் சிறந்த ஆட்டத்துக்கு ஜெர்மனியில் கொடுக்கும் டாய்ச்சர் ஷ்பீலேப்ரைஸ் விருது அதற்குத்தான் கிடைத்தது. சிறிய எழுத்தைப் படிக்க முடியாதவர்களும், நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களும் தங்களுக்கு ஏற்ற சாமான்கள் வேண்டும் என்று கேட்பதும் நியாயமே.

'பிராஸ்' பற்றி ஒருவர் ஏற்கெனவே தனிச் செய்தியில் கேட்டுவிட்டார். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிப் பருத்தி ஆலைகளையும் கால்வாய்களையும் வைத்து மார்ட்டின் வாலஸ் வடிவமைத்த அந்த ஆட்டம் 2007இல் வந்தது. 2018இல் ராக்ஸ்லி நிறுவனம் அதை அருமையான ஓவியங்களோடு மறுபடி வெளியிட்டது, கூடவே 'பிராஸ்: பர்மிங்காம்' என்ற உடன்பிறப்பையும் கொண்டுவந்தது, 2023இல் போர்டுகேம்கீக் என்ற பலகை ஆட்ட இணையதளத்தின் தரவரிசையில் பர்மிங்காம் முதலிடத்துக்குப் போனது. ஓவியம் இல்லையென்றால் அது நடந்திருக்குமா என்பது கேள்வி. ஓவியம் ஆட்களை மேசைக்கு அழைத்து வந்தது, சரி; வந்தவர்களை எழுந்து போகவிடாமல் உட்கார வைத்தது விதிகள். மேலும், முதலிடத்திலிருந்து பர்மிங்காம் கீழே இறக்கிவிட்டது சுமார் 10 கிலோ எடையுள்ள 'க்ளூம்ஹேவன்' என்ற ஆட்டத்தின் பெட்டியை. சாமான்களுக்குத்தான் பரிசு என்றால் அந்தப் பத்துக் கிலோவை யாரால் அசைத்திருக்க முடியும்? இந்தப் பதில் முழுமையானதில்லை என்று எனக்கே தெரியும், இன்றைக்கு இது போதும்.

தம்பி எழுந்து போன அந்தப் பக்கத்து மேசையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்தப் படத்தை யாரும் போடவில்லை. ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் உருவங்களைப் பொதியிலிருந்து பிரித்து அடுக்கினார்கள், அரை மணி நேரம் அவற்றைப் படம் எடுத்தார்கள், நாற்பது நிமிடம் ஆடினார்கள், பிறகு எல்லாவற்றையும் அதனதன் குழியில் திரும்பப் பொருத்துவதற்கு இன்னொரு நாற்பது நிமிடம். அந்த ஆட்டத்துக்குப் பட்டியலில் 88.

என் பெட்டி 2011இல் வந்த மறுபதிப்பு, அதுவும் பழையதாக வாங்கியது. காகித நோட்டுகள் ஒட்டிக்கொள்வதால் இரண்டு வெவ்வேறு போக்கர் சில்லுக் கட்டுகளைக் கலந்து வைத்திருக்கிறேன், நிறம் பொருந்தாது, தெரியும். ஒவ்வொரு பத்திரத்துக்கும் பிளாஸ்டிக் உறையை நானே அளந்து வெட்டிப் போட்டேன். அந்த உறைகள் போடுவதற்கு முன்பே பென்சில்வேனியா கம்பெனியின் பங்குப் பத்திரத்தில் ஒரு காபிக் கறை விழுந்துவிட்டது. தம்பி தன் படத்தில் அதைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தக் கறை 2019இல், அவர் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்த அன்று, லாபப் பங்கு என்றால் என்ன என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய டம்ளரிலிருந்து கொட்டியது. "ஐயோ அண்ணா, சாரி அண்ணா" என்று பதறியவரிடம், பரவாயில்லை, பத்திரம் இன்னும் செல்லும் என்று சொன்னேன். அன்று ராத்திரி பதினொன்றரை வரை ஆடினோம்.

அவர் எழுந்து போனதால் மற்ற மூவரும் ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. யாரிடம் எத்தனை பங்கு, எந்தக் கம்பெனியில் எவ்வளவு பணம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே நிலையில் பரப்பி வைப்பேன். தம்பி, உன் ஈரி கம்பெனியிடம் இருப்பவை இரண்டு '2' ரயில்கள், கஜானாவில் 40 டாலர். '3' ரயில்கள் ஐந்தும் விற்றுவிட்டன. அடுத்து ஆட வேண்டியது நான்.