ஒரு வயசு வரட்டும்னு சொல்லாதீங்க

செங்கோட்டை, புளியரை, வடகரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் இந்த வட்டாரத்தில் கழுத்து நிற்காத குழந்தையையோ, ஒரு கையை மட்டும் இறுக்கி மூடியே வைத்திருக்கிற குழந்தையையோ தூக்கிக்கொண்டு யாரிடம் போனாலும் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான். "ஒரு வயசு வரட்டும், பார்க்கலாம்." பாட்டி சொன்னால், "அவங்கப்பனும் பிந்தித்தாம்மா நடந்தான்" என்று கூடவே ஆறுதலும் வரும். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. படித்தவர்களும் அதையே சொல்வதுதான் பொறுக்க முடியவில்லை.

இந்த அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய மூளை முடக்குவாதத்தை, அதாவது வளரும் மூளையில் பட்ட காயத்தால் உடல் அசைவு பாதிக்கப்படுவதை, ஒன்றரை வயது, இரண்டு வயதுக்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்பது பழைய பாடம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2017இல் உலக ஆய்வுகளைத் தொகுத்து அந்தப் பாடத்தை மாற்றிவிட்டது. குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத்திணறல் போன்ற ஆபத்து வரலாறு உள்ள குழந்தைகளில், ஐந்து மாதத்துக்கு முன்பே மூன்று வழிகளில் கண்டுபிடிக்கலாம். மூளை எம்ஆர்ஐ ஸ்கேன், குழந்தையின் இயல்பான அசைவை வீடியோவில் பார்த்து மதிப்பிடும் பிரெக்டல் முறை, தசை இறுக்கம், அசைவு, எதிர்வினைகளைப் பார்த்து மதிப்பெண் போடும், ஹைன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை. பாதிப்புள்ள 100 குழந்தைகளில் அசைவு மதிப்பீடு 98 பேரையும், ஹைன் 90 பேரையும், எம்ஆர்ஐ 86 முதல் 89 பேரையும் பிடித்துவிடுகிறது. ஆகச் செலவு குறைந்ததுதான் ஆகக் கூர்மையானது என்பதைக் கவனியுங்கள்.

அந்த வீடியோவை எப்படி எடுப்பது என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் இருக்கும் போனே போதும். பிரசவத் தேதியிலிருந்து 12 முதல் 16 வாரம்தான் சரியான காலம். குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த நாளை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, பிறந்திருக்க வேண்டிய தேதியை வைத்துப் போட வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 8 வாரத்தைக் கூட்டினால், பிறந்து 20 முதல் 24 வாரத்தில்தான் அந்தக் காலம் வரும். குழந்தை பால் குடித்து, தூங்கி எழுந்து, அழாமல் விழித்திருக்கும் நேரம் பாருங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, தரையில் ஒரே நிற விரிப்பில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். துணித் தொட்டிலில் எடுத்தால் பயனில்லை, துணி உடம்பை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். கால் பக்கம் நின்று, முகம் முதல் பாதம் வரை தெரியும்படி மேலிருந்து மூன்று முதல் ஐந்து நிமிடம் எடுங்கள். பக்கத்தில் நின்று யாரும் கொஞ்சக்கூடாது, கிலுகிலுப்பை ஆட்டக்கூடாது, வாயில் ரப்பர் இருக்கக்கூடாது. குழந்தை கையைச் சப்பினாலோ எதையாவது உற்றுப் பார்த்தாலோ நாம் தேடும் அசைவு ஒடுங்கிவிடும்.

தேடுவது என்ன? கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று எல்லா மூட்டிலும் சின்னச் சின்ன வட்டமாக, விட்டு விட்டு ஓடிக்கொண்டே இருக்கும் துருதுருப்பு. கை காலை உதைப்பதோ வீசுவதோ வேறு. உதைக்கிற குழந்தையிடம்கூட இந்தத் துருதுருப்பு இல்லாமல் போகலாம், அதனால்தான் வீட்டார் "நல்லாத்தானே உதைக்கான்" என்று ஏமாந்துபோகிறார்கள். வீடியோவைப் பார்த்து முடிவு சொல்வது பயிற்சி பெற்றவர் வேலை. ஒரு தடவை தெரியவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்துக் கொடுப்பது நம் வேலை.

இந்த எல்லைப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். கொள்வினை கொடுப்பினை இன்றும் மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. புனலூர்ப் பக்கத்துப் பெண் தென்காசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டால் தலைப்பிரசவம் அங்கே, தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவாள். அந்தத் துருதுருப்பைப் பார்க்க வேண்டிய வாரங்கள் சரியாக இந்த இடமாற்றத்தில் விழுகின்றன. அங்கே அங்கன்வாடிப் பதிவில் "ஊருக்குப் போய்விட்டது", இங்கே பதிவில் "இன்னும் வரவில்லை". பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் எல்லாவற்றையும் பார்ப்பதற்காக 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டமும், அதன் கீழ் மாவட்டந்தோறும் இருக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையமும் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாத குழந்தையை எந்த மையமும் தேடிப் போகாது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, டிஸ்சார்ஜ் சீட்டில் 12 வாரத்துப் பரிசோதனைக்கான தேதியையும், மாமியார் வீட்டு ஊரில் எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட வேண்டியதில்லை, ஒரு வரி எழுதினால் போதும்.

வீடியோவுக்கான வாரங்கள் தப்பிப்போனாலும் ஹைன் இருக்கிறது. இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரை செய்யலாம், 26 அம்சம், முழு மதிப்பெண் 78, பத்து நிமிடம் ஆகும். ஆறு மாதத்துக்கு மேல் 73க்குக் கீழே வந்தால் உடனே கவனிக்க வேண்டும். இடது வலது வித்தியாசத்தைத் தனியாகக் குறித்தால் ஒருபக்கப் பாதிப்பும் பிடிபடும். கிராம அளவில் முதல் சல்லடையாகத் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கிய அட்டவணை இருக்கிறது. இரண்டு வயது வரைக்குமான 17 செயல்கள். குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நிறுத்தி வைத்தால், பென்சிலுக்கு இடது பக்கம் இருப்பதையெல்லாம் அது செய்ய வேண்டும். ஒன்று தவறினாலும் அனுப்பிவிட வேண்டும். இது நமக்கு மலைக்கு அந்தப் பக்கம் பிறந்த கருவி, 1991 முதல் அச்சில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து, கையில் ஒரு செயலியோடு வீடு வீடாக அனுப்பி, பின்னால் நிபுணர்கள் வழிகாட்டும் முறையை நடத்திக்காட்டியிருக்கிறது. ஆராய்ச்சி என்றாலே அது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு இடத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் பலித்தது இங்கே அப்படியே பலிக்கும் என்றும் இல்லை. பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தையின் உடம்பை 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைப்பது பணக்கார நாடுகளில் மூளையைக் காப்பாற்றியது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் செய்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளியானது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். இயலாமையும் குறையவில்லை. நம் குழந்தைகளை வைத்து, நம் ஆஸ்பத்திரிகளில் ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று கத்துவது இதற்காகத்தான்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும் குழந்தை திடீரென்று தலையைக் குனிந்து, கையை விரித்து, ஒரு நொடி சுருங்கி விடுகிறது. சில நொடி கழித்து மறுபடியும். இப்படி வரிசையாக வருகிறது என்றால் அது "பயந்து போச்சு" இல்லை, வயிற்றுவலி இல்லை, தூக்கிவாரிப் போடுவதும் இல்லை. அது ஒருவகை வலிப்பு. பிறந்தபோது மூச்சுத்திணறல், ரத்தச் சர்க்கரை இறக்கம் இருந்த குழந்தைகளுக்கு அதிகம் வரும். வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மருந்து இருக்கிறது, தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியைத் தின்கிறது. திருநீறு போடுவதை நான் தடுக்கவில்லை, பஸ் ஏறிவிட்டுப் போடுங்கள்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? கேரளப் பக்கம் உழிச்சில் என்னும் எண்ணெய்ப் பிடிப்பு, நம் பக்கம் எண்ணெய் தேய்த்துக் கை காலை நீட்டி இழுத்துவிடுவது. மெதுவாக எண்ணெய் தடவுவது குழந்தைக்குச் சுகம், தாய்க்கும் ஆறுதல், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் விறைத்த காலை வலுக்கட்டாயமாக இழுப்பது ஆபத்து. நிற்காத, வெயில் படாத, வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தையின் எலும்பு மெலிந்திருக்கும், தொடை எலும்பு முறிந்தே போகலாம். தெரபி அறையில் குழந்தை சும்மா படுத்திருக்க, இன்னொருவர் கையைக் காலை மடக்கி நீட்டுவதாலும் பெரிய பலனில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. மூளை கற்றுக்கொள்வது குழந்தை தானே முயன்று செய்யும்போதுதான்.

ஆகவே குடும்பமே ஒரு இலக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பது என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு இலக்குக்கு மொத்தம் 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும். தினம் அரைமணி, வாரம் ஐந்து நாள் என்றால் ஆறிலிருந்து பத்து வாரம். வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அரைமணி தெரபி எடுத்தால் இதை முடிக்க 28 முதல் 50 வாரம் ஆகும். வீடுதான் முக்கியமான இடம், தெரபிஸ்ட் வழி சொல்கிறவர். ஒருபக்கம் பாதித்த குழந்தைக்கு, நல்ல கையில் மென்மையான உறை மாட்டி, தினம் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் மற்றக் கையால் விளையாட விடுவது நன்கு நிரூபிக்கப்பட்ட முறை. ஒரு வயதுக்கு முன் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் "இடதுகைப் பழக்கம்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள், அது எச்சரிக்கை.

உட்கார வைத்து ஓட்டும் வட்டமான பிளாஸ்டிக் வாக்கரை வாங்கவே வாங்காதீர்கள். விறைப்புள்ள குழந்தை அதில் நுனிக்காலில் தொங்கி, குதிகால் தசைநாண் இன்னும் இறுகிவிடும். பழைய மரத்து மூன்றுசக்கர நடைவண்டி எவ்வளவோ மேல். குழந்தை தானே நின்று தள்ள வேண்டும் அல்லவா? முன்னால் ஒரு மணல்பையைக் கட்டினால் வண்டி ஓடிவிடாது.

ஸ்டெம் செல் ஊசிக்காக நிலத்தை விற்கிறவர்களுக்கு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்ற எதற்கும் அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஆய்வாக மட்டுமே செய்யலாம், ஆய்வில் சேருகிறவரிடம் பணம் வாங்கக்கூடாது. உங்களிடம் பணம் கேட்டால் அது ஆய்வே இல்லை. ஆக்சிஜன் அறையில் உட்கார வைப்பதும் இதே கணக்குதான், அது பலிக்காது என்று ஆய்வே முடிந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, இந்தக் குழந்தைகளில் பலர் இறந்துபோவது நெஞ்சுச் சளியில்தான். மடியில் மல்லாத்திப் போட்டு, தலை பின்னால் சாய, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றுவது நம் வீடுகளில் சாதாரணம். தலை அண்ணாந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும், பால் நேராக நுரையீரலுக்குப் போகும். உட்கார வையுங்கள். இடுப்பும் முழங்காலும் நேர்கோணத்தில் மடங்கி, பாதம் எதிலாவது ஊன்றி, தலை லேசாக முன்னால் குனிந்திருக்கட்டும். நீங்கள் எதிரே, குழந்தையின் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே உட்காருங்கள், நின்றுகொண்டு ஊட்டினால் தலை தானாக அண்ணாந்துவிடும். தட்டையான சின்னக் கரண்டியில் பாதி எடுத்து, நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். உதடு மூடட்டும், விழுங்கட்டும், மறுபடி ஒருமுறை விழுங்கட்டும். பிறகுதான் அடுத்த கரண்டி. தண்ணீரான கஞ்சி வேகமாக ஓடிப் புரையேறும், சத்தும் இல்லை. கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக நழுவி விழும் கேழ்வரகுக் கூழ் நல்லது. ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்தால் 45 கலோரி கூடும். சாப்பிட்ட பின் அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள். இருமல், கண்ணில் நீர், தொண்டையில் களகளப்பு, அடிக்கடி நிமோனியா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரைமணிக்கு மேல் ஆவது, இதில் எது இருந்தாலும் விழுங்குவதைப் பரிசோதிக்கும் தெரபிஸ்டிடம் காட்ட வேண்டும்.

அடுத்து இடுப்பு. மூளையில் பட்ட காயம் அதிகமாகாது, ஆனால் இறுகிய தசை தொடை எலும்பை இடுப்புக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் மொத்தம் 35 சதவீதக் குழந்தைகளுக்கு இடுப்பு விலகியிருந்தது. தானே நன்றாக நடக்கும் குழந்தைகளில் யாருக்கும் இல்லை, தலையைக்கூட நிறுத்த முடியாதவர்களில் 90 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆரம்பத்தில் வலிக்காது, வலிக்கும்போது காலம் கடந்திருக்கும். தெற்கு ஸ்வீடனில் 1994இல் எல்லாக் குழந்தைகளையும் பதிவு செய்து முறையாக எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கினார்கள், இடுப்பு முழுதாக நழுவுவது அங்கே ஏறக்குறைய மறைந்தே போனது. செய்தது எக்ஸ்ரேயும் நேரத்துக்குச் சிகிச்சையும்தான். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் முதல் இடுப்பு எக்ஸ்ரே, நடக்காத குழந்தைக்கு அதன்பின் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு ஒருமுறை. எடுக்கும்போது இரண்டு காலும் இணையாக, முழங்கால் சில்லு மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். கால் திரும்பியிருந்தால் அளவு தப்பாக வரும். எலும்பின் தலையில் எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே என்று கேளுங்கள், 30க்கு மேல் என்றால் எலும்பு மருத்துவரிடம் உடனே போக வேண்டும். தென்காசியில் எடுத்தாலும் திருவனந்தபுரத்தில் எடுத்தாலும் படம் ஒன்றுதான். படத்தைத் தொலைக்காதீர்கள்.

அதனால் மலை தாண்டும் தாய்மார்களுக்கு ஒரு கோப்பு. டிஸ்சார்ஜ் சீட்டு நகல், எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, எப்போது அழுதது, மூச்சுக் கருவியில் எத்தனை நாள், மஞ்சள்காமாலையின் உச்ச அளவு, சர்க்கரை எவ்வளவு இறங்கியது, வலிப்பு வந்த தேதி, எம்ஆர்ஐ சிடி, இடுப்பு எக்ஸ்ரேக்கள், போனில் அந்த வீடியோ. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடும் மத்திய திட்டம், வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை மட்டும் மாநிலத்தைப் பொறுத்தது, குழந்தையின் ஆதார் முகவரி எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கேதான் மனுக் கொடுக்க முடியும். ஊர் மாறியதும் முதல் வேலையாக முகவரியை மாற்றிவிடுங்கள்.