பி-யில் (P, பார்க்கிங் நிலை) போட்டால் கார் நகரவே நகராதா? தவறான தகவல்

"ஆட்டோமேட்டிக் காரை பி-யில் போட்டுவிட்டால் யானை தள்ளினாலும் நகராது, இன்ஜின் ஓடட்டும், ஹேண்ட்பிரேக் எதற்கு" என்று ஒரு செய்தி தஞ்சாவூர், கும்பகோணம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நம்பாதீர்கள்.

பி-யில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழும் ஒரு சின்ன இரும்புக் கொக்கிதான். பழைய வண்டியில் கியர் லிவரின் கேபிளோ, அதன் இணைப்பில் இருக்கும் புஷ் என்ற சின்ன வளையமோ தேய்ந்திருந்தால், வெளியே லிவர் பி-யைக் காட்டும், உள்ளே கொக்கி முழுசாக விழுந்திருக்காது. பி-க்கு அடுத்தது ரிவர்ஸ் என்பதால், இன்ஜின் ஓடும் அதிர்விலேயே நழுவி, ஆளே இல்லாமல் பின்னால் கிளம்பிவிடும். அமெரிக்காவில் ஃபோர்டின் பழைய மாடல்களில் இப்படி உயிர்கள் போனதாகப் புகார்கள் குவிந்து, 1980-ல் அரசோடு செய்த உடன்பாட்டின்படி சுமார் 2.3 கோடி வண்டிகளுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்ப வேண்டியிருந்தது.

இங்கே கொள்ளிடக் கரையில், ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு, குழந்தையை உள்ளே விட்டுவிட்டு டீக்கடைக்கு இறங்குகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. கரைச் சாலையில் சரிவு வேறு. பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுங்கள், அப்புறம் பி, இன்ஜினை அணைத்து சாவியோடு இறங்குங்கள். லிவர் தளர்ந்து ஆடினால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.