“சிம்பிளான வண்டி சார்” என்று சொன்னவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்

மே மாதம். காலை ஒன்பது பத்து. வேளச்சேரி விஜயநகர் பாலத்துக்குக் கீழே வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. வெளியே வெயில் கொளுத்துகிறது. நான் என் காருக்குள் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏசி இல்லை ஐயா, ஹீட்டர். சிம்லாவில் போடுவார்களே, அது.

டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் பார்க்கிறது. ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அதைத் திறந்துவிட்டால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் என் முழங்காலுக்கு வந்து இறங்கும். இன்ஜின் பிழைக்கும், நான் வேகுவேன். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது செக்யூரிட்டி அண்ணன், “மழையா சார் அங்க?” என்று ஒரு நாள் நிஜமாகவே கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து பைக்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குவார். “கான்டெசாவா சார்? சூப்பர் சார். விக்கிறீங்களா?”

வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். இதுவரை ஒருவர்கூட வீட்டுக்கு வந்ததில்லை.

என்னுடையது 1996 கான்டெசா கிளாசிக், 1.8 ஜிஎல்எக்ஸ். கறுப்பு. என்னைக் கேட்டால் ஸ்போர்ட்ஸ் கார் என்பேன். நாலு கதவு வண்டியைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயே என்று இலக்கணம் பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். எண்பதுகளில் தெருவில் அம்பாஸடரையும் பத்மினியையும் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் கண்ணுக்கு, நீண்ட மூக்கும் நாலு வட்ட ஹெட்லைட்டும் பின்சக்கர ஓட்டமுமாக வந்த இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லாமல் வேறென்ன? இங்கிலாந்தில் வாக்ஸால் எழுபதுகளில் விற்று முடித்த மாடலின் அச்சுகளை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் உத்தரபாராவிலிருந்து இறக்கிய வண்டி. முதலில் அந்தப் பெரிய உடம்புக்குள் அம்பாஸடரின் 1489 சிசி இன்ஜினைத்தான் வைத்தார்கள். சுமார் 50 குதிரை சக்தி. தேருக்கு ஆட்டுக்கிடாவைப் பூட்டிய மாதிரி. அப்புறம்தான் இசுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜின், 88 குதிரை, ஐந்து கியர். என்னைப் பிடித்த சனி அந்த இன்ஜின் சத்தம்தான். 2002-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அந்த வருடத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் கார் வாங்கப் போயிருக்க வேண்டும்.

(சென்னைக்காரர்களுக்கு இன்னொரு பழைய வலியும் உண்டு. 1985-இல் நம் ஸ்டாண்டர்டு கம்பெனி, ரோவர் எஸ்டி1 என்ற ஆங்கிலேயக் காரின் அழகான உடம்புக்குள் பழைய வேன்கார்ட் காரின் இன்ஜினைப் போட்டு ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று விட்டது. மூன்று வருடம்கூட உருப்படியாக ஓடவில்லை, நின்றுபோனது. அதைத் தேடிப் போகாமல் விட்டேனே என்பது ஒன்றுதான் இந்த விஷயத்தில் நான் காட்டிய புத்திசாலித்தனம்.)

விற்றவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. “சிம்பிளான வண்டி சார். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். டெய்லி ஓட்டுங்க, ஓட ஓடத்தான் நல்லா இருக்கும்.” இதையே என் மாமாவும் சொன்னார். ஆபீஸில் கார் பைத்தியம் பிடித்த தம்பி ஒருவனும் சொன்னான். இணையத்தில் வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். கேட்கும்போது அமிர்தமாக இருக்கும்.

சிம்பிள்தான், யார் இல்லை என்றது? அம்மிக்கல்லும் சிம்பிள்தான். அதைக் கொத்தித் தர ஆள் எங்கே ஐயா?

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, அந்தக் கலவையைக் காதால் கேட்டே டியூன் செய்யத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர், சைதாப்பேட்டையில் இருக்கிறார். எழுபதைத் தொடப் போகிறார். அவருடைய பட்டறையிலேயே வேலை செய்யும் பையன்கள் கேபிளைச் சொருகி ஸ்கேனரில் எரர் கோடு வந்தால்தான் பானெட்டைத் திறப்பார்கள். என் வண்டியில் கேபிள் சொருக ஓட்டை எங்கே என்று ஒருவன் ஐந்து நிமிடம் ஸ்டீயரிங்குக்கு அடியில் தேடினான். பாவம், அவன்மேல் தப்பில்லை. பெரியவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது என் கார் மூன்று வாரம் நின்றது. அவருக்குச் சொட்டு மருந்து போட்டாயிற்றா என்று நான் போன் செய்து விசாரித்தேன். அவர் மருமகள் என்னை ரொம்ப நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வாங்கும்போது பார்க்கத் தெரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மூணேகால் லட்சம் கொடுத்து, பளபளவென்று இருந்த பெயிண்டில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டி வந்தேன். முதல் தடவை பட்டறைக்குப் போனபோது பெரியவர் எதுவும் பேசவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து உடைத்து எடுத்த கறுப்பு வட்டம். பானெட்டில் வைத்தார், டக்கென்று ஒட்டியது. முன் கதவில் வைத்தார், ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேல் வைத்தார். காந்தம் வழுக்கிக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. திரும்ப வைத்தார். திரும்பவும் விழுந்தது. நகத்தால் தட்டினார், இரும்புச் சத்தம் வரவில்லை, பூசணிக்காயைத் தட்டின மாதிரி பொத்தென்றது.

“தம்பி, இங்க தகரமே இல்ல. எல்லாம் பட்டிதான்.”

துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் வலையை வைத்து, அதன் மேல் அரை அங்குலத்துக்குப் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் கார் வாங்கவில்லை, சுவர் வாங்கியிருக்கிறேன். டிங்கரிங் வேலைக்கு மட்டும் 68,000 ரூபாய் ஆனது. அதை வீட்டில் 28,000 என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்கு வேறு தனியாக ஓடுகிறது.

சாமான் தேடுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புதுப்பேட்டையில் வலது பக்க டெயில் லைட் கண்ணாடிக்காக அலைந்தேன். வண்டிகளை உரித்து, கதவு தனியாக, சீட் தனியாக, இன்ஜின் தனியாக அடுக்கி வைத்திருக்கும் அந்தச் சந்துகளில் இல்லாதது எதுவும் இல்லை என்பார்கள். எல்லாம் இருக்கிறது, கான்டெசா மட்டும் இல்லை. “அது வந்த அன்னிக்கே போயிரும் தம்பி” என்றார் ஒருவர். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இன்னொருவர், அட்டைப்பெட்டி மேல் தூசியை ஊதிவிட்டு, ஒன்றை எடுத்து வைத்தார். இடது பக்கம். “ஒண்ணு கிடைக்கிறதே பெரிசு சார், வாங்கி வச்சுக்கங்க, என்னிக்காவது உதவும்.” வாங்கி வைத்திருக்கிறேன். என் பீரோவில் இன்றைக்கு இரண்டு இடது டெயில் லைட் இருக்கிறது. எப்படி இரண்டு ஆனது என்று கேட்காதீர்கள்.

அசல் கிடைக்காவிட்டால், “வேற வண்டிது இருக்கு, கொஞ்சம் ராவி மாட்டிடலாம்” என்பார்கள். அரம் போட்டு ராவி ராவியே இந்த வண்டியில் பாதி வேறு வண்டியாகிவிட்டது.

அடுத்தது பெட்ரோல். மாநகரத்தில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுக்கிறது. மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்குப் போய் வர நாளைக்கு 26 கிலோமீட்டர், லிட்டர் நூறு ரூபாய், மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதைக்கூட நான் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டேன். கோபம் வருவது பெட்ரோலில் கலந்து வருவதை நினைத்துத்தான். 20 சதவீத எத்தனாலை 2030-க்குள் கலப்பதாக இருந்த திட்டத்தை முன்கூட்டியே 2025-க்கு இழுத்தார்கள். இன்று பெட்ரோல் பங்க்குக்குப் போனால் அதுதான் வருகிறது. புது வண்டிகள் அதற்கென்றே செய்யப்பட்டவை, சரி. எத்தனாலோ காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பழைய ரகத்து ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோலைவிட அதில் சக்தியும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 1996-இல் செய்த வண்டிக்குள் இரும்பு டேங்க், ரப்பர் ஹோஸ், கார்பரேட்டர் டயாஃப்ரம் எல்லாம் இதைக் கனவிலும் பார்த்ததில்லை.

போன நவம்பரில் ஒரு நாள் காருக்குள் பெட்ரோல் வாடை. மனைவி, “ஏங்க, குமட்டுதுங்க, நிறுத்துங்க” என்றாள். பெரியவர் அந்த ஹோஸைக் கழற்றி என் கண் முன்னால் லேசாக வளைத்தார். வருஷக்கணக்கில் டிராயரில் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்தால் எப்படி வெடிக்குமோ, அப்படி வரிவரியாகப் பிளந்தது. சூடான இன்ஜினுக்கு ஒரு சாண் தள்ளி இருந்த ஹோஸ். உள்ளே என் குழந்தை உட்கார்ந்திருந்தாள். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது எல்லா ஹோஸும் புதுசு, ஒரு ஃபயர் எக்ஸ்டிங்குஷர் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. குழந்தையை அந்த வண்டியில் ஏற்றுவதில்லை.

இனி காகிதங்களின் கூத்து. 15 வயது தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் அதற்குக் கட்டணம் 600 ரூபாய். அப்புறம் 5,000. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. சரி, பழைய வண்டி புகை விடுகிறது, வாங்கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். பாரம்பரிய வண்டி என்று பதிந்துவிடலாமே என்றால், 2021-இல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். அப்படிப் பதிந்தாலும் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் பராமரிப்புக்கும்தான். என் வண்டிக்கு முப்பதுதான் ஆகிறது. நாட்டிலேயே மூத்த கான்டெசாவுக்கும் ஐம்பது ஆக இன்னும் பல வருடம் இருக்கிறது. போற்றிப் பாதுகாக்கும் அளவுக்குக் கிழமும் இல்லை, நிம்மதியாக ஓட்டும் அளவுக்கு இளசும் இல்லை. ஃபுல் இன்சூரன்ஸ் கேட்டால், “சார், இதுக்கு வேல்யூவே காட்டலியே” என்கிறார்கள். விற்றவனிடம் அதைச் சொல்லியிருக்கலாம்.

மழைக்காலத்தைப் பற்றிப் பேசவே போவதில்லை. வேளச்சேரி, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர், முழங்கால் தண்ணீர். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவே அறிவுரை சொல்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. “இப்ப வர்ற வண்டியெல்லாம் பிளாஸ்டிக் சார், இதுதான் கட்டை” என்கிறார் மாடி வீட்டு மாமா. அவர் ஓட்டுவது புது ஹேட்ச்பேக். ஏர்பேக், ஏபிஎஸ், ரிவர்ஸ் கேமரா, ஏசியில் முருங்கைக்காய் மாதிரி விறைத்துப்போய் வந்து இறங்குகிறார். கட்டை வண்டி மோதினால் தகரம் வளையாது, ஓட்டுகிறவன்தான் வளைவான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? வீடியோ போடுகிறவர்களையும் கேட்கிறேன்: ஈசிஆரில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, காலி ரோட்டில், கடற்காற்றில் ஓட்டிப் படம் எடுக்கிறீர்களே, அதே வண்டியை ஒரு திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கத்திப்பாராவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பின்னணி இசையெல்லாம் வேண்டாம். ஹீட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வண்டி எங்கே என்கிறீர்களா? பட்டறையில்தான். பத்தொன்பது நாளாகிறது. ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெடித்துவிட்டது. இந்த மாதம் ஆட்டோவுக்கு மட்டும் 6,400 ரூபாய் அழுதிருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒருவரிடம் ஹோஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பணம் அனுப்பி, பஸ் பார்சலில் போட்டு, நேற்று கோயம்பேட்டில் போய் நானே எடுத்துவந்து பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தபோது பெரியவர் போன் செய்தார்.

“தம்பி, சாமானைப் பிரிச்சுப் பாத்தேன். ரப்பர் அருமையா இருக்கு. அசல் சாமான்தான்.”

“அப்ப நாளைக்கு ஆயிடுமாண்ணே?”

“ஆனா இது டீசல் வண்டியுது தம்பி.”