தரை உறையாத காட்டில் ஹார்வெஸ்டர்

ஃபின்லாந்துக் காட்டில் மரம் வெட்டும் ஹார்வெஸ்டர் வீடியோ மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்ப்ரூஸ் மரத்தின் அடியைக் கவ்வி, அறுத்துச் சாய்த்து, கிளை சீவி, அளந்து துண்டு போட்டுவிடுகிறது. ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. கமென்ட் முழுக்க "வேற லெவல்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்குக் கண் போவது சக்கரத்துக்கு அடியில் இருக்கும் தரைமேல்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈர வயலில் டயர் வைத்த நெல் அறுவடை மிஷினை இறக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துதானே செயின் மிஷினுக்குக் கூடுதல் வாடகை கொடுக்கிறோம்? அங்கே ஹார்வெஸ்டர் ஒன்றே இருபது டன்னைத் தொடும். பின்னாலேயே தடிகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு வண்டி வரும். சீவிய கிளைகளை வழியில் பரப்பி அதன்மேல் ஓட்டுவார்கள். தரை உறைந்து கிடந்தால் பிரச்சினையே இல்லை. உறையாத சதுப்பு என்றால் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழும்.

அதனால்தான் அந்தக் காலத்தில் வெட்டு குளிர்காலத்தில் நடந்தது. குதிரை இழுக்கும் சறுக்குவண்டித் தடத்தில் தண்ணீர் தெளித்து வைப்பார்கள், ராத்திரியில் அது பனிக்கட்டிச் சாலையாக இறுகிவிடும். தடிகளை ஆற்றோரம் அடுக்கி வைத்தால், வசந்தத்தில் உருகிவரும் வெள்ளம் ஆலைவரை கொண்டுபோய்விடும். ஸ்வீடனில் இப்படி ஆற்றில் தடி விடுவது 1991இல் க்ளார் ஆற்றோடு நின்றுபோனது. அந்த வாழ்க்கை திரும்ப வரட்டும் என்று நான் சொல்லவில்லை. உடம்பை உருக்கிய வேலை அது, செத்தவர்களும் உண்டு.

இப்போது வெட்டும் காலத்தை முடிவு செய்வது ஆலை. ஃபின்லாந்தின் கெமியில் மெட்சா குழுமம் 2023இல் திறந்த காகிதக் கூழ் ஆலைக்குச் சுமார் 200 கோடி யூரோ செலவு. வருஷத்துக்கு 70 லட்சம் கன மீட்டருக்கு மேல் மரம் தின்கிற ஆலை, தரை இறுகட்டும் என்று காத்திருக்குமா?

குளிர் செய்துகொடுத்த வேலை இன்னும் சில உண்டு. வெயில் காலத்தில் வெட்டினால், புது அடிக்கட்டையில் வேரழுகல் பூஞ்சையின் வித்துகள் காற்றில் வந்து விழும். வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் போகும். அதற்காகவே வெட்டும்போதே கட்டைமேல் யூரியாக் கரைசல் தெளிக்கிறார்கள் (ஆமாம், நம்ம ஊர் யூரியாதான்). உறைபனியில் இந்தச் செலவே கிடையாது. 2005 ஜனவரியில் குட்ருன் புயல் தெற்கு ஸ்வீடனில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. நடு ஜனவரியிலும் தரை உறையாமல் ஊறிக் கிடந்ததால் வேர்ப்பிடிப்பு போய், சேதம் கூடிவிட்டது.

2024 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் சுவோமுஸ்ஸால்மியில் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோரா என்சோ நிறுவனத்துக்கு மரம் வெட்டிய வண்டிகள் ஹுக்காயோக்கி ஆற்றுக்குள்ளேயே இறங்கிப் போய்வந்திருக்கின்றன. ஆற்றடியில் இருந்தவை நன்னீர் முத்துமட்டிகள். நூறு வயதைத் தாண்டி வாழும் உயிர், அந்த நாட்டில் 1955 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். ஆயிரக்கணக்கில் நசுங்கின. தவறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஓட்டுநர் கவனக்குறைவு என்று பேசி முடித்துவிடலாம், எனக்கு அது போதவில்லை. கோடையிலும் நிற்காமல் தடி வந்தாக வேண்டும் என்ற அவசரத்தை வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவர் உண்டாக்கவில்லை.

"அப்போ மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக்கா?" என்று கேட்பீர்கள். வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோடையில் மணற்பாங்கான பைன் மேடுகளில் வெட்டட்டும். சதுப்பும் ஆற்றோரமும் குளிர்காலத்துக்கு என்று ஒதுக்கட்டும். சேமித்து வைக்க முடியாது என்பதும் பொய். குட்ருனுக்குப் பிறகு ஸ்வீடனின் பியுஹோல்மாவில் பழைய விமானத் தளத்தில் சுமார் 10 லட்சம் கன மீட்டர் தடியை அடுக்கி, தண்ணீர் தெளித்துக் கெடாமல் வைத்தவர்கள்தானே இந்தத் தொழில்காரர்கள். குளிர் சரியாக வராத வருஷம் சதுப்பு மரம் அப்படியே நிற்கட்டும், ஆலை அந்த அளவுக்குக் குறைவாக ஓடட்டும்.