தறப்பாள் என்று எழுதிய தம்பிக்கு

அந்தக் காணொளியை இந்நேரம் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் திவசத்தன்று எங்கள் மேல்தட்டில் விரித்திருந்த ஓனிங், அதாவது சுவரோடு பூட்டிச் சுருட்டி விரிக்கும் துணிப் பந்தல், தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றில் ஒரு பக்கம் தூக்கி எழும்புவதும், பந்தியில் இருந்தவர்கள் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு எழுவதும், பின்னால் யாரோ சிரிப்பதும் அதில் பதினொரு செக்கனுக்கு ஓடுகின்றன. அதன் கீழே, கனடாவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி, "இன்னும் தறப்பாள்தானா அண்ணை? லூவர் பேர்கோலா போடுங்கோ என்று அப்பவே சொன்னேனே" என்று எழுதியிருக்கிறார். நாற்பத்தேழு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

லூவர் பேர்கோலா கூடாத பொருள் என்று நான் எங்கும் சொன்னதில்லை. நான்கு தூண், மேலே அலுமினியத் தகடுகள், தகடுகளைத் திருப்ப ஒரு மோட்டர். திறந்தால் வெக்கை மேலே போகும், மூடினால் தகடுகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு கூரையாகும், மழைத்தண்ணீர் சட்டத்துக்குள் இருக்கும் பீலியால் ஓடித் தூணுக்குள்ளேயே இறங்கும். நல்ல வேலைப்பாடு. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது கூரை அல்ல. வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருட்டிவிடக்கூடிய நிழல். இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள விரும்பாதவர்களுக்கு நான் எதை எழுதியும் பயனில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு, போருக்குப் பிறகு இந்திய அரசு தந்த வீட்டுத்திட்டத்தின் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் எழும்பியது. பின்புறத்துக் கொங்கிறீட் தட்டு 2019 இல் நாங்கள் சேர்த்தது. அதன் கீழே இருப்பது அம்மாவின் அறை. பகல் முழுவதும் வெயில் குடித்த தட்டு இரவு பதினொரு மணிவரைக்கும் அந்த வெக்கையைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே நிற்கும் நாட்களில், அம்மா பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிடுவார். நிழல் வேண்டியிருந்தது அதற்காக. மேலே கதிரை போட்டுக் கோப்பி குடிப்பதற்காக அல்ல.

ஆனால் அதே தட்டில்தான் நாங்கள் படங்கு விரித்து நெல்லும் மிளகாயும் காயவைக்கிறோம். அப்போது அங்கே ஒரு துளி நிழலும் விழக்கூடாது. தகடுகளை முழுவதும் திறந்துவிட்டாலும் அவை அங்கேயேதான் நிற்கும். கோடு கோடாக நிழல் விழுந்து, நெல் ஒரு இடம் காய்ந்தும் ஒரு இடம் பச்சையாகவும் கிடந்தால், ஆலையில் அரிசி குறுணலாகத்தான் வரும். ஓனிங்கைச் சுருட்டினால் சுவரோடு ஒரு பெட்டி மட்டும் இருக்கும், தட்டு தட்டாகவே இருக்கும். கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் வயலோடு இருப்பவனுக்கு இது சின்ன விடயம் அல்ல. ரொறன்ரோவில் யாரும் மொட்டைமாடியில் மிளகாய் காயவைப்பதில்லை என்பதால் இது எந்த விளம்பரத்திலும் இல்லை.

"சரி, காற்றுக்கு நின்றதா?" என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. ஓனிங்குகளுக்கு ஈ.என். 13561 என்று ஓர் ஐரோப்பியத் தரம் இருக்கிறது. அதில் எங்களுடையது இரண்டாம் வகுப்பு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீற்றர் வேகம் வரைக்குமான காற்றுக்குத்தான் அது பொறுப்பு. பூநகரிப் பக்கத்து வெளியைக் கடந்து ஆடி மாத மத்தியானத்தில் வரும் சோளகம் இந்த வகுப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அம்மியே பறக்கும் மாதத்தில் ஒரு மணிக்கு அதை விரித்து வைத்தது என் பிழை, பந்தியில் வயதானவர்கள் வெயிலில் இருக்கிறார்களே என்று சுருட்ட மனம் வராததும் என் பிழை. பொருளின் பிழை அல்ல. சுவர்ச் சீமெந்துக் கல்லில் அடிக்காமல் பீமில் துளைத்துப் போட்ட போல்ட்டுகள் அன்று ஒரு நூலும் அசையவில்லை. வளைந்தது ஓனிங்கின் துணியைத் தாங்கும் கைகளில் ஒன்றுதான். அதைக் காணொளி எடுத்தவர் காட்டவில்லை.

நன்றாகப் பூட்டிய பேர்கோலா இதைவிடப் பெரிய காற்றையும் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆளில்லாதபோதும் நிழல் தரும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு தூணுக்கும் நந்நான்கு போல்ட்டாகப் பதினாறு துளை, அம்மா படுக்கும் அறையின் தலைக்கு மேலே, ஒழுக்கில்லாத தட்டில் போடவேண்டும். பக்கத்தில் வேம்பு நிற்கிறது. பூவும் சருகும் தூணுக்குள் இறங்கி அடைத்தால் எந்தக் கம்பியை விட்டு எடுப்பது? 2020 டிசம்பரில் புரேவிப் புயல் வந்த இரவு, வேப்பஞ்சருகு அடைத்த சாதாரணத் தகரப் பீலி வழிந்து, குசினிக்குள் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அந்தப் பீலியையாவது ஏணி வைத்துக் கையால் வழிக்க முடிந்தது. குரங்குகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவை துணியையும் கிழிக்கும் என்பீர்கள். சுருட்டி வைத்தால் கிழிக்கத் துணி வெளியே இராது.

காசைப் பற்றியும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தந்த விலைக்கூற்றில் பேர்கோலா, ஓனிங்கின் விலையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். "நான் அனுப்பியிருப்பேனே" என்று தம்பி உள்பெட்டியில் எழுதுகிறார். அனுப்பியிருப்பார். அவர் அனுப்பிய காசில்தான் நாங்கள் முகாமிலிருந்து வந்த முதல் ஆண்டு சாப்பிட்டோம்; அதை நான் மறக்கவில்லை, மறக்க யாரும் விடவும் மாட்டார்கள். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூன்று கிழமை வந்து நிற்பவருக்கு அழகாகத் தெரிவதற்காக, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இருப்பவர்கள் தங்கள் தட்டைக் கொடுக்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அவர் படம் எடுத்துக்கொண்டு போவார். நெல்லை நான் எங்கே காயவைப்பது?

தறப்பாள் என்ற சொல்லைப் பற்றி மட்டும் கடைசியாக. 2009 இல் செட்டிகுளம் அகதி முகாமில், தறப்பாள் கூடாரத்துக்குள் மத்தியானம் இருக்க முடியாமல் அம்மா வெளியே தண்ணீர்த் தாங்கியின் நிழலுக்குப் போய்விடுவார். அந்த நிழல் ஒரு முழ அகலம் இருக்கும். அது நகர நகர அவரும் குந்தியிருந்தபடியே நகர்ந்துகொண்டிருப்பார், பின்னேரம் ஆகும்போது தாங்கியின் மறுபக்கத்துக்கு வந்திருப்பார். தறப்பாள் எது, ஓனிங் எது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அந்தக் கருத்தைப் பேத்தி வாசித்துக் காட்டியபோது அம்மா சிரித்தார், "அவன் சின்னப் பிள்ளை, விடு" என்றார். தம்பிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது.

கருத்தை நீக்கும்படி நான் அவரிடம் கேட்கப்போவதில்லை. வளைந்த கையை மாற்ற வவுனியாவிலிருந்து வியாழக்கிழமை ஆள் வருகிறார். அதுவரைக்கும் ஓனிங் பெட்டிக்குள்தான் இருக்கும். தட்டில் மிளகாய் காய்கிறது.