கேட்பதில் என்ன குற்றம்?

ஞாயிற்றுக்கிழமை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம்மவர் வாழும் சாட்ஸ்வர்த்தின் கோவில் மண்டபத்தில் நடந்ததை நண்பர்கள் அறிவீர்கள். இந்திய வம்சாவளியினருக்கு மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டியிருக்குமா என்று நான் கேட்டதற்கு, "இனவொதுக்கல் ஆட்சி ஒழிந்த 1994-க்குப் பிறகும் இனம் பார்க்கிறீர்களா?" என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார், மண்டபமே கைதட்டியது. அந்த ஓசை இன்னும் என் காதை விட்டு அகலவில்லை.

முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று நோயாளியைக் கேளுங்கள் என்றேன். இது இனவெறியா?

என் அண்ணனுக்கு இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு குழலை வைத்து, குளோபிடோகிரெல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கல்லீரலில் சிஒய்பி2சி19 என்னும் நொதி மாற்றித் தந்தால்தான் அந்த மாத்திரை இரத்தம் உறைவதைத் தடுக்கும். அந்த நொதியை முடக்கும் மரபணு வடிவம் ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் அதிகம். பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் அதன் ஒரு பிரதியையாவது சுமக்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கையை, அதாவது மருந்துக் குறிப்பில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கையை, அச்சிடச் செய்தது. ஏழாம் மாதத்தில் அண்ணனின் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது. மரபணுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. பரிசோதித்திருந்தால் தெரிந்திருக்கும், எவரும் பரிசோதிக்கவில்லை, கேட்கவும் இல்லை.

இந்த நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1688-இல் நன்னம்பிக்கை முனையான கேப்பில் மணம் புரிந்த டச்சுத் தம்பதியரின் வழிவந்த ஆப்பிரிக்கானர் குடும்பங்களில் போர்பிரியா என்னும் பரம்பரை நோய் பரவியிருப்பதை மருத்துவர் ஜெஃப்ரி டீன் தலைமுறை தலைமுறையாகத் தேடிக் கண்டறிந்தார். பார்பிட்யூரேட் வகைத் தூக்க, மயக்க மருந்துகளால் அவர்களுக்குக் கைகால் செயலிழந்து உயிரே போகக்கூடும் என்று தெரிந்ததால் குடும்ப வரலாறு முக்கியமாயிற்று. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களுக்கு மட்டும் அது ஏன் ஆகாது?

ஓர் இனத்துக்குள்ளேயே வேறுபாடு அதிகம் என்பார்கள். முற்றிலும் உண்மை, எல்லாத் தமிழரின் கல்லீரலும் ஒன்றுபோல் இருக்காது. ஆகவேதான் ஒவ்வொருவரையும் பரிசோதிக்கச் சொல்கிறேன். எதை முதலில் தேடுவது என்பதற்குத்தான் வம்சாவளி உதவும். செலவாகும் என்பவர்களுக்கு, இரண்டாம் முறை ஸ்டென்ட் வைக்க என்ன செலவாகும் என்று எங்கள் குடும்பம் சொல்லும். நம்மவருக்காக மட்டும் பேசுகிறேன் என்பவர்கள் எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸை நினைத்துப் பார்க்கட்டும்: அதைச் சிதைக்கும் சிஒய்பி2பி6 நொதி மந்தமாக இருப்போர் ஆப்பிரிக்கரிடையே அதிகம், 600 மில்லிகிராம் அவர்களில் பலருக்குத் தலைச்சுற்றலையும் கொடுங்கனவுகளையும் தந்தது. நம் ஜூலு அயலாருக்கும் சேர்த்துத்தான் கேட்டேன்.

கைதட்டியவர்களில் என் சித்தப்பா மகனும் இருந்தான். அவனும் அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறான். அண்ணனுக்கும் அவனுக்கும் ஒரே தாத்தா. பரிசோதனைக்கு வா என்று சொல்ல அன்றிலிருந்து அழைக்கிறேன். தொலைபேசியை எடுக்க மறுக்கிறான்.